ஐஸ் கம்பெனியில் நாலு நாள்

2018 மே மாதம். மண்டபத்தில் விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடந்தன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் உண்டு. அந்தப் படகுகளுக்கு ஐஸ் ஏற்றிவிடும் எங்களுக்கு ஒன்றும் கிடையாது. கம்பெனியில் நாங்கள் 23 பேர். தடைக்காலத்தில் நாட்டுப்படகுகளுக்காக ஐஸ் உறைய வைக்கும் ஒரு தொட்டி மட்டும் ஓடும், அதற்கு நாலு பேர் போதும். மற்றவர்கள் வீட்டில்தான்.

நாங்கள் கேட்டது மூன்று. தினக்கூலியில் 100 ரூபாய் உயர்வு, போனஸ், தடைக்காலத்துக்குப் பாதிச் சம்பளம். சங்கத்தில் மூத்த அண்ணன் ஒருவர் இருந்தார். கோரிக்கைக் கடிதத்தைக் கையில் கொடுக்க வேண்டாம், பதிவுத் தபாலில் அனுப்பு என்றார். அனுப்பினோம். முதலாளி வாங்க மறுத்து, உறை அப்படியே திரும்பி வந்தது. கிழித்துப் போட்டுவிடலாம் என்று எனக்கு ஆத்திரம். "பிரிக்காம வைடா தம்பி, அதுதான் சாட்சி" என்றார். அதையும் வைத்துத் தொழிலாளர் துறையில் சமரசத்துக்கு மனு கொடுத்தோம். வேலைநிறுத்த அறிவிப்பையும் 14 நாள் முன்பே கொடுத்துவிட்டோம். அன்றைய சட்டப்படி ரயில், மின்சாரம், தண்ணீர் போன்ற பொதுப் பயன்பாட்டுத் தொழில்களுக்குத்தான் அது கட்டாயம், ஐஸ் கம்பெனிக்கு இல்லை. ஆனாலும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றார்கள் என்ற பேச்சு வரக் கூடாதே.

சமரச அலுவலர் ஒரு அம்மா. முதல் நாள் முதலாளி வரவில்லை, கணக்குப்பிள்ளையை அனுப்பினார். இரண்டாம் முறைதான் வந்தார். பதிவேட்டில் 14 பேர்தான், 20 பேருக்குக் குறைந்தால் போனஸ் சட்டமே பொருந்தாது என்று அடித்துப் பேசினார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. நாங்கள் 23 பேர் என்று நிரூபிக்க எங்களிடம் என்ன இருக்கிறது? கூலியைக் கையில் வாங்கி லுங்கியில் முடிந்துகொண்டு போகிறவர்கள்தானே.

அந்த அம்மா ஃபைலைப் பார்த்தபடியே கேட்டார்: "ஃபேக்டரி லைசென்ஸ் இருக்குங்களா?"

"இல்லாமலா? ஆபீஸ்லயே மாட்டி வச்சிருக்கேன், வந்து பாருங்க."

உண்மைதான். முருகன் படத்துக்குப் பக்கத்தில், அதே அளவு சட்டகத்தில் தொங்கும். ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனப் பொட்டு வைப்போம்.

"அப்ப அது தொழிற்சாலை. கரண்ட்ல ஓடுற இடத்துல பத்துப் பேர் இருந்தாலே தொழிற்சாலை. தொழிற்சாலைக்கு போனஸ் சட்டத்துல இருபது பேர் கணக்கு கிடையாது. உங்க பதினாலே போதும்" என்றார். முதலாளி தண்ணீர் கேட்டார்.

ஆனால் அடுத்த அடி எங்களுக்கு. வேலை இல்லாத நாளுக்குப் பாதிச் சம்பளம் சட்டத்தில் இருக்கிறது, அது குறைந்தது 50 பேர் உள்ள இடத்துக்குத்தான், பருவகாலத் தொழிலுக்கும் கிடையாது என்றார். எங்கள் பெரிய கோரிக்கை அங்கேயே உரிமை என்பது போய் வேண்டுகோள் ஆகிவிட்டது. கூலி உயர்வுக்கு முதலாளி 20 ரூபாய்க்கு மேல் அசையவில்லை.

தடை முடிவதற்கு முன்பே எல்லாத் தொட்டியும் ஓட வேண்டும். கேன்களை உப்புத்தண்ணீரில் இறக்கி ஏறக்குறைய ஒரு நாள் விட்டால்தான் ஐஸ் பார் உறையும். தூக்கிப் பச்சைத்தண்ணீரில் ஒரு முக்கு முக்கினால் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். இதை நாலைந்து நாள் செய்து சேர்த்தால்தான் முதல் நாள் கடலுக்குப் போகும் படகுகளுக்குத் தர முடியும். ஜூன் 10 அன்று வேலைக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. போகவில்லை. நாட்டுப்படகுத் தொட்டியை மட்டும் நிறுத்தவில்லை. குளிரூட்டும் அமோனியா ஓடுகிற இடம், ஆள் இல்லாமல் விட முடியாது, கம்ப்ரசர் பார்க்கும் அண்ணன் ராத்திரியும் அங்கேயே கிடந்தார்.

மூன்றாம் நாள் என் தாய்மாமா வீட்டுக்கே வந்துவிட்டார். விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். "அறுபது நாள் அடுப்பு எரியாம கெடந்துட்டு, இப்ப நீங்க மறிக்கிறீங்களா மாப்ள?" என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதலாளியிடம் கத்துவது சுலபம்.

அன்று மாலை முதலாளி எங்களில் ஐந்து பேரை வீட்டுக்குக் கூப்பிட்டு, டீ கொடுத்து, 50 ரூபாய் உயர்வு என்று டைப் செய்த தாளை நீட்டினார். நான் கையெழுத்துப் போட்டிருப்பேன், பொய் சொல்லவில்லை. மூத்த அண்ணன்தான் தடுத்தார். நமக்குள் போடுகிற ஒப்பந்தம் கையெழுத்துப் போட்டவர்களை மட்டும் கட்டுப்படுத்தும். சமரச அலுவலர் முன்னால் அன்றைய தொழில் தகராறு சட்டத்தின் 12(3) பிரிவில் போட்டால் சங்கத்தில் இல்லாதவனையும், நாளைக்கு வேலைக்குச் சேர்கிறவனையும் கட்டுப்படுத்தும். "தொகையைப் பாக்காத, யாருக்குப் பொருந்தும்னு பாரு" என்றார்.

13-ஆம் தேதி அந்த அம்மா முன்னிலையில் முடிந்தது. கூலி 60 ரூபாய் உயர்வு, 8.33 சதவீத போனஸ், தடைக்காலத்துக்கு வட்டியில்லா முன்பணம் 5,000, பழிவாங்கல் கூடாது என்று ஒரு வரி. பாதிச் சம்பளம் இல்லை. அன்று ராத்திரியே கேன் இறக்கினோம். ஆனாலும் முதல் நாள் படகுகளுக்கு ஐஸ் பற்றவில்லை, மாமா வெளியில் அதிக விலைக்கு வாங்கினார். ஒரு மாதம் பேசவில்லை.

இப்போது இந்த வழியில் போக நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. எந்தத் தொழிற்சாலையானாலும் 14 நாள் முன்னறிவிப்பு கட்டாயம். பாதிப் பேர் சேர்ந்து ஒரே நாளில் லீவு போட்டாலும் வேலைநிறுத்தம்தான்.

2019 தீபாவளிக்கு முந்தைய கணக்காண்டின் போனஸ் கொடுத்தபோது தங்கச்சிமடத்துப் பையன் ஒருவனும் வந்தான். நாலு நாளும் வாசலில் எங்களோடு உட்கார்ந்திருந்து, அந்த 2018 ஜூலையிலேயே வேலையை விட்டுத் திருப்பூர் போனவன். ஆண்டில் 30 நாள் வேலை செய்திருந்தால் போனஸ் உண்டு. கணக்குப்பிள்ளை ஏட்டைத் திருப்பி எங்களுக்கே காட்டினார். 27 நாள். வேலைநிறுத்தத்தில் போன நாலையும் கூட்டியிருந்தால் 31.