துளு நாட்டுத் தெய்வத்துக்குத் தமிழில் வசனம் எழுதியபோது

மொழிமாற்றுப் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதுவது என் தொழில். 2022 செப்டம்பர் இறுதியில் கன்னடத்தில் வெளியான ‘காந்தாரா’ அடுத்த மாதமே தமிழிலும் திரைக்கு வந்தது. அது நன்றாக ஓடியதைத் தொடர்ந்து, துளு மொழி பேசும் கர்நாடகக் கடற்கரைக் கிராமங்களையும் அங்குள்ள தெய்வ வழிபாட்டையும் களமாகக் கொண்ட கதைகளுக்குச் சென்னையில் திடீரென்று மவுசு கூடியது. அந்த அலையில் என் மேசைக்கு வந்த சிறிய படம் ஒன்றில் வேலை செய்த அனுபவம் இது. படத்தின் பெயர் இங்கே தேவையில்லை. எழுதி முடிக்க எனக்குக் கிடைத்தவை 18 நாட்கள்.

எங்கள் வேலையில் பொருளுக்கு முன்னால் வாய் நிற்கிறது. திரையில் இருப்பவரின் உதடு மூடும் இடத்தில் ப, ம போன்ற எழுத்து விழ வேண்டும். அவர் வாயை அகலத் திறந்து முடித்தால் நம் வாக்கியமும் ஆகாரத்திலோ அதற்குப் பக்கத்திலோ முடிய வேண்டும். இதைத்தான் ‘லிப்’ பார்ப்பது என்கிறோம். கன்னடத்திலிருந்து தமிழுக்கு வருவது, ஆங்கிலத்திலிருந்து வருவதைவிடச் சுலபம், ஏனென்றால் வினைச்சொல் இரண்டிலும் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். அந்தச் சுலபமே ஆபத்தும் ஆகும் என்பதை இந்தப் படம் எனக்குக் காட்டியது.

முதல் சிக்கல் வட்டார வழக்கு. தமிழ் மொழிமாற்றத்தில் நெடுநாளாக ஒரு வழக்கம் இருக்கிறது. கிராமம் ஆந்திரத்தில் இருந்தாலும் கேரளத்தில் இருந்தாலும், அங்கே வாழும் மக்கள் மதுரைத் தமிழ்தான் பேசுவார்கள். தயாரிப்புத் தரப்பில் பேசியவரும் அதையே எதிர்பார்த்தார். “மண்வாசனை வேணும் சார், ஒரு சாமியாடி வந்தா நம்ம ஆளுங்களுக்கு உடனே புரியணும்” என்றார். படத்தில் வரும் தெய்வத்தைச் சுடலைமாடன் கொடையில் இறங்கும் சாமி போலவும், நிலக்கிழாரை நம் ஊர் நாட்டாமை போலவும் மாற்றிவிட்டால் வேலை மூன்று நாளில் முடிந்துவிடும் என்பது எனக்கும் தெரியும். முதல் சுருளை அப்படி எழுதியும் பார்த்தேன். திரையில் செம்மண் ஓடு வேய்ந்த வீடும் கமுகந்தோட்டமும் ஓயாத மழையும் இருக்க, அந்த மழையில் நனைந்தபடி ஒருவர் “ஏலேய், என்னடா சொல்ற” என்கிறார். மதுரைப் பக்கத்துக் கருவேலங்காட்டைக் கொண்டுவந்து அந்தத் தோட்டத்துக்குள் நட்டது போலிருந்தது. எழுதிய தாள்களைக் கிழித்துவிட்டு, எந்த மாவட்டத்தையும் சுட்டாத எளிய பேச்சுத் தமிழில் மறுபடி தொடங்கினேன்.

அடுத்தது சொற்கள். அந்த ஊர்க்காரர்கள் தங்கள் தெய்வங்களைப் ‘பூத’ என்றும் ‘தைவ’ என்றும் சொல்கிறார்கள்; ஆண்டுதோறும் நடக்கும் வழிபாட்டைக் ‘கோல’ என்றும் ‘நேம’ என்றும் அழைக்கிறார்கள். தமிழில் பூதம் என்றால் விளக்கைத் தேய்த்ததும் வருகிற ஆள்தான் நினைவுக்கு வருகிறார். சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்து நாற்சந்தியில் நின்று பொய்சாட்சி சொல்பவர்களைக் கயிற்றால் கட்டித் தண்டித்த சதுக்கப் பூதம் துளு நாட்டுப் பூதத்துக்கு மிக நெருங்கிய உறவு. ஆனால் அதை நினைவில் வைத்துக்கொண்டு திரையரங்குக்கு வருபவர்கள் எத்தனை பேர்? ‘கோலம்’ என்றால் வாசலில் போடும் மாக்கோலம் என்று கொள்வார்கள் என்றார் உதவியாளர். மணக்கோலம், திருக்கோலம் என்று நாம் சொல்லும்போது ஒப்பனை, தோற்றம் என்ற பழைய பொருளையே சொல்கிறோம் என்று நான் வாதாடினேன். கடைசியில் பூதத்தை விட்டுத் தெய்வம் என்று எழுதினேன், கோலத்தை அப்படியே வைத்துக்கொண்டேன். முதல் முறை அந்தச் சொல் வரும்போது திரையில் ஒருவர் தென்னங்குருத்தை இடுப்பில் கட்டிக்கொண்டிருப்பதால், விளக்கம் சொல்லும் வேலையைப் படமே செய்துவிட்டது.

பாதி எழுதிய நிலையில் இரவு ரயிலேறி மங்களூருக்குப் போனேன். செலவு என்னுடையதுதான், இப்படிப்பட்ட பயணத்துக்கு யாரும் பணம் தருவதில்லை. உடுப்பிக்குப் போகும் வழியில், உள்ளொதுங்கிய ஒரு கிராமத்தில் அன்றிரவு நேமம். கார்த்திகைக்குப் பிறகு தொடங்கும் இந்தப் பருவம் மே மாதக் கடைசியில் ‘பத்தனாஜெ’ என்ற நாளோடு முடிந்துவிடும். நான் போனது அதன் நடுவில். ஓலைப் பந்தலுக்குப் பின்னால் பாயில் உட்கார்ந்து, இடக்கையில் சிறிய கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, ஈர்க்குச்சியால் தன் முகத்தில் தானே கோடு இழுத்துக்கொண்டிருந்தார் அன்றைய ஆட்டக்காரர். மஞ்சள் அரிதாரம் ஏற்கெனவே பூசியாகிவிட்டது. புருவத்தின் மேல் ஒரு கறுப்புக் கோடு நடுங்காமல் ஏறியது. அதை இழுத்து முடிக்கும்வரை அவர் மூச்சு விட்டதாகவே தெரியவில்லை. பக்கத்தில் வயதான பெண் ஒருவர் ‘தெம்பரெ’ என்ற சிறுபறையைத் தட்டியபடி அந்தத் தெய்வம் பிறந்து வளர்ந்து வந்து சேர்ந்த கதையைப் பாடிக்கொண்டிருந்தார். பாட்தன என்று அதற்குப் பெயர். யாரும் அவரை நின்று கேட்கவில்லை, கூட்டமெல்லாம் முன்பக்கம் இருந்தது.

கிடைத்த இடைவெளியில் அவரிடம் அரைகுறைக் கன்னடத்தில் பேச முயன்றேன். அவர் துளுவில் பதில் தொடங்கியபோது முதல் சொல்லாக ‘யான்’ என்றார். நான் என்று பொருள். சங்கப் பாட்டில் மட்டும் படித்திருந்த சொல்லை ஒருவர் வெற்றிலை மென்றுகொண்டே சொல்லக் கேட்டது அதுதான் முதல் தடவை. 2011 கணக்கெடுப்பின்படி 18 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பேசும் இந்த மொழி இன்னும் அரசியலமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் இல்லை என்பது வேறு கதை.

நளிகெ, பரவ, பம்பத ஆகிய ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்களே பரம்பரையாகக் கோலம் கட்டித் தெய்வமாக ஆடுகிறார்கள். பகலில் பண்ணை வீட்டின் திண்ணையில் ஏற முடியாதவர் முன்னால், இரவில் அந்த வீட்டுக்காரர் கைகட்டி நின்று தீர்ப்புக் கேட்கிறார்; விடிந்ததும் இருவரும் பழைய இடத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். எங்கள் படத்தின் கதையும் இந்த இடத்தில்தான் நின்றது. 2022 அக்டோபரில் கர்நாடக அரசு 60 வயது கடந்த இக்கலைஞர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் உதவித்தொகை அறிவித்தது. விடிந்த பிறகு அவர்கள் வாழும் வாழ்க்கையின் அளவு அந்தத் தொகையில் தெரிகிறது.

இந்தத் தலைகீழ் மாற்றத்தைத் தமிழில் எழுதும்போதுதான் நான் உண்மையில் மாட்டிக்கொண்டேன். காலையில் நிலக்கிழார் அவரை ‘நீ’ என்கிறார். இரவில் தெய்வமாக நிற்கும் அதே மனிதரிடம் மரியாதைப் பன்மையில் பேசுகிறார். தமிழிலோ நாம் தெய்வத்தையும் ‘நீ’ என்றுதான் கூப்பிடுகிறோம்: “நீதான் காப்பாத்தணும் தாயே.” கீழே வைக்கவும் ‘நீ’, நெஞ்சில் வைக்கவும் ‘நீ’. இரண்டு காட்சியிலும் அதே சொல் வந்தால் படத்தின் முதுகெலும்பு முறிந்துவிடும். ‘நீங்க’ என்று மாற்றினால் வங்கி மேலாளரிடம் பேசுவது போலிருந்தது. இரண்டு நாள் இந்த ஒரு சொல்லோடு போனது. விடை மூலத்திலேயே இருந்தது. கோலக் காட்சிகளில் வசனம் துளுவில்தான், நிலக்கிழார் சொல்வது ‘ஈர்’. துளுவின் அந்த மரியாதைச் சொல்லும் நம் ‘நீர்’ என்ற சொல்லும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். உதடும் ஒத்துப்போனது. காலைக் காட்சியில் முன்னிலைச் சொல்லையே எடுத்துவிட்டு, “வந்தாச்சா? அங்கேயே நில்லு” என்று மட்டும் வைத்தேன். இரவுக் காட்சியில் “நீரே சொல்லும்” என்று எழுதினேன்.

ஒலிப்பதிவின்போது பொறியாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “ஜெபம் பண்ற மாதிரி இருக்கே சார்” என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. கடவுளை நீர் என்று அழைக்கும் பழக்கத்தைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். தெய்வத்துக்குக் குரல் கொடுக்க வந்தவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பெரியவர்களை நீர் என்று அழைத்து வளர்ந்தவர். அவருக்கு அது உறுத்தவில்லை. செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து மைக் முன்னால் நின்றார். காலையிலிருந்து அசைவம் தொடவில்லை என்றும் சொன்னார். படத்தில் வரும் தெய்வம் கோழிப் பலி ஏற்பது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

பாட்தனப் பாடலைத் தமிழில் பாட வைக்க வேண்டும் என்ற யோசனையைப் பெரும்பாடு பட்டுத் தடுத்து, மூல ஒலியையே விட்டுவைக்கச் செய்தேன். இத்தனை கவனமாக இருந்துவிட்டு நான் செய்த தவறு ஒன்று உண்டு. இறுதிக் காட்சியில், முன்பு கோலம் கட்டி இறந்துபோன தந்தையின் முகத்தைத் தெய்வத்தின் முகத்தில் காணும் மகன், கூட்டத்தின் இரைச்சலுக்குள் ஒரு சொல் கத்துகிறான். அந்தக் கத்தல் எனக்குக் கொடுத்த வசனத் தாளில் இல்லை. மூல ஒலியில் ‘அம்மெ’ என்று கேட்டது. குரல் கொடுத்த இளைஞர் தயங்காமல் “அம்மா” என்று கதறினார், உதடு அச்சாகப் பொருந்தியது, நானும் ஓகே என்று தலையாட்டினேன். படம் வெளியான பிறகு மங்களூர் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்துச் சொன்னார்: துளுவில் ‘அப்பெ’ என்றால் தாய், ‘அம்மெ’ என்றால் தந்தை.

அப்பா என்று போட்டிருந்தாலும் உதடு அதே இடத்தில்தான் மூடியிருக்கும். திருத்தச் சொல்லிக் கேட்டேன். ஒலிக்கலவை முடிந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். அந்தப் படத்தில் அந்த மகன் இன்றும் தன் தகப்பனை அம்மா என்றே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.