பன்னிரண்டு அங்குல வட்டம்

நால்வர் கொண்ட ஓர் இண்டி ராக் குழுவின் முதல் ஆல்பத்துக்கு உறை வடிவமைக்கும் வேலை வந்தபோது மூன்று வாரம் அவகாசம் கேட்டேன். அதில் இரண்டு வாரம் ஆராய்ச்சி என்ற பெயரில் கழிந்தது. இருநூறு உறைகளைச் சேகரித்து, திரையில் கட்டம் கட்டமாக அடுக்கி, வண்ண வாரியாகப் பிரித்து வைத்தேன். பார்ப்பதற்கு வேலை நடப்பதுபோலவே இருந்தது.

எல்லாவற்றையும் கைப்பேசியில் தெரியும் அளவுக்குச் சுருக்கிப் பார்த்த அன்றுதான் உறைத்தது. வெளிறிப்போன புகைப்படம், முதுகு காட்டி நிற்கும் ஓர் ஆள், மூலையில் எறும்பளவு எழுத்தில் ஒரு பெயர். பாதிக்கு மேல் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அவற்றையே பார்த்துக்கொண்டிருந்த நான் போட்ட மூன்று மாதிரிகளும் அதே சாடையில் இருந்தன. முதல் சந்திப்பில் பேஸ் கிட்டார் வாசிப்பவர் இரண்டாவது மாதிரியைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இந்தத் தட்டு என்னிடம் இருக்கிறதே" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் வலித்தது.

வீட்டுக்கு வந்து, இந்தத் தொழிலில் எல்லோரும் சலிக்கச் சலிக்கப் பேசும் உறையையே மறுபடி எடுத்து வைத்துக்கொண்டேன்: ஜாய் டிவிஷன் குழு 1979இல் வெளியிட்ட 'அன்னோன் பிளெஷர்ஸ்'. கறுப்பின்மேல் மலைத்தொடர்போல எழுந்து தாழும் வெள்ளைக் கோடுகள், 1967இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பல்சாரின், அதாவது வேகமாகச் சுழன்றபடி சீரான இடைவெளியில் துடிக்கும் விண்மீனின், ரேடியோத் துடிப்புகள். ஹெரால்டு கிராஃப்ட் என்பவரின் 1970ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வேட்டில் இருந்த படம் அது. வானியல் கலைக்களஞ்சியம் ஒன்றின் வழியாகக் குழுவின் கையில் கிடைத்தது. வெள்ளையில் கறுப்பாக இருந்ததை உறை வடிவமைப்பாளர் பீட்டர் சாவில் கறுப்பில் வெள்ளையாகத் திருப்பிப் போட்டார். முன்பக்கத்தில் குழுவின் பெயர்கூடக் கிடையாது. பலமுறை படித்த கதைதான். இந்த முறை கண்ணில் பட்டது வேறு: அந்தப் படம் இன்னொரு இசைத்தட்டு உறையிலிருந்து வரவில்லை.

மறுநாள் கணினியை எடுக்காமல் ஒத்திகை அறைக்குப் போனேன். சுவரோரம் டிரம்மில் இருந்து கழற்றிய பழைய தோல் ஒன்று சாய்ந்திருந்தது. தோல் என்பது பேச்சுவழக்கு. உண்மையில் அது பாலியெஸ்டர் படலம். வெள்ளைப் பூச்சு நடுவில் தேய்ந்து சாம்பல் படர்ந்திருந்தது. உற்றுப் பார்த்தால் அந்தச் சாம்பல் முழுக்கக் குச்சி நுனிகள் பதித்த சின்னச் சின்னக் குழிகள். விளிம்பருகே மட்டும் தனியாக மூன்று பிறை வடுக்கள். "அவை தவறிப்போன அடிகள்" என்றார் டிரம்மர், ஏதோ மன்னிப்புக் கேட்பதுபோல. அளவு நாடா வைத்துப் பார்த்தேன்: குறுக்களவு 12 அங்குலம். எல்பி தட்டின் அளவும் அதேதான். அசல் அளவிலேயே அச்சிடலாம்!

அப்புறம் நடந்தது கைவேலை. நேர் வெளிச்சத்தில் அது வெறும் சாப்பாட்டுத் தட்டு. விளக்கைத் தரையோடு தாழ்த்திப் பக்கவாட்டில் வைத்ததும் ஒவ்வொரு குழிக்கும் நிழல் விழுந்தது. கறுப்பு மையை மட்டும் நம்பினால் பின்னணி வெளுத்துத் தெரியும் என்பதால் அடியில் கொஞ்சம் சயான் என்ற நீல மை சேர்த்தேன். குழுவின் பெயர் பின்பக்கத்துக்கும் முதுகுப் பட்டைக்கும் போனது. சின்னதாக்கிப் பார்த்தபோது நிலாபோல இருக்கிறதென்று பாடகர் கவலைப்பட்டார். எனக்கு அதில் கவலை இல்லை. நிலா என்று நினைத்துக் கையில் எடுப்பவர், எடுத்த பிறகு குழிகளைப் பார்ப்பார்.

அச்சகத்திலிருந்து ஒரே ஒரு கேள்விதான் வந்தது: எது மேல்பக்கம்? நான் யோசிக்கவே இல்லை. டிரம்மரிடம் மாதிரித் தாளைக் கொடுத்தேன். அவர் அதை மடியில் வைத்து, மூன்று பிறைகளும் தன் வயிற்றுப் பக்கம் வரும்வரை மெல்லச் சுழற்றினார். "இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்." தாளின் பின்னால் அம்புக்குறி போட்டு, 'மேல்' என்று எழுதி அனுப்பினேன்.