வெடிமருந்து ஆலையில் ஒரு நூலகம்

யார்க்‌ஷயரில் பிரிட்டிஷ் நூலகத்தின் போஸ்டன் ஸ்பா வளாகத்தில் சில காலம் வேலை பார்த்தேன். யாரோ ஓர் ஆய்வாளர் கட்டுரை கேட்பார். அது வந்த இதழைத் தேடியெடுத்து நகலெடுத்து அனுப்ப வேண்டும். இவ்வளவு பெரிய நூலகத்தை ஏன் வயல்காட்டுக்கு நடுவே கொண்டுவந்து வைத்தார்கள் என்று முதலில் விளங்கவில்லை. காரணம் போர்.

இரண்டாம் உலகப் போரில் இங்கே இருந்தது 8ஆம் எண் நிரப்பு ஆலை. ஷெல்லுக்கும் குண்டுக்கும் வெடிமருந்து அடைக்கும் இடம். ஆயிரக்கணக்கானோர் வேலை செய்தார்கள், பெரும்பாலும் பெண்கள். பக்கத்தில் 1847இல் போட்ட ரயில் பாதை இருந்தது. சர்ச் ஃபென்டனிலிருந்து கிளம்பி, பின்னாளில் ஹாரோகேட் வரை போனது. அதில் தார்ப் ஆர்ச் சின்ன ஸ்டேஷன்தான். அங்கிருந்து ஒரு கிளையைப் பிரித்து, ஆலையைச் சுற்றி வட்டமாகத் தண்டவாளம் போட்டார்கள். வட்டத்தில் நான்கு நிறுத்தங்கள்: வால்டன், ரோமன் ரோடு, ரேஞ்சஸ், ரிவர். வட்டம் என்பதால் எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டும் வேலை இல்லை; ஆட்களை இறக்கிவிட்டு ரயில் அப்படியே சுற்றி வெளியே போய்விடலாம். ஷிப்ட் மாறும் நேரத்தில் இது எத்தனை பெரிய வசதி என்பது ஷிப்டில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இத்தகைய ஆலைகளில் இறங்கியதும் நேரே வேலைக்குப் போக முடியாது. தீப்பெட்டி, சிகரெட், மோதிரம், கொண்டை ஊசி எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, உடையும் செருப்பும் மாற்றி, ஒரு தடுப்பைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். ஒரு பொறி போதும். ஒன்று வெடித்தால் அடுத்தது வெடிக்கக் கூடாதென்று கட்டடங்களைத் தள்ளித் தள்ளிக் கட்டி, சுற்றிலும் மண் அணைத்தார்கள். புல் முளைத்த அந்த மேடுகள் சில இன்று கடைகள். மேட்டைக் குடைந்தது போன்ற வாசலில் நுழைந்தால் உள்ளே சோபா விற்கிறார்கள்! மதிய இடைவேளையில் அந்தப் பக்கம் போவேன், வாங்குவதற்கல்ல.

ஆலை 1950களின் இறுதியில் மூடப்பட்டது. பரந்த இடம் சும்மா கிடந்ததால்தான் 1960களின் தொடக்கத்தில் அறிவியல் இதழ்களை இரவல் தரும் தேசிய நூலகம் இங்கே வந்தது. 1973இல் பிரிட்டிஷ் நூலகத்தோடு சேர்ந்தது. கிளைக்கு வேலை போனது. 1964 ஜனவரியில் பிரதான பாதையிலும் பயணிகள் ரயில் நின்றது. வெதர்பி பக்கம் அந்தத் தடத்தில் இப்போது சைக்கிள் ஓட்டுகிறார்கள்.

தீப் பயம் மட்டும் இடத்தை விட்டுப் போகவில்லை. 2015இல் திறந்த நாளிதழ்க் கிடங்கில் ஆக்சிஜனைச் சுமார் 15 சதவீதத்துக்குக் குறைத்து வைத்திருக்கிறார்கள். நாம் சுவாசிக்கும் காற்றில் அது 21. அந்தக் காற்றில் காகிதம் பற்றாது. இருட்டில் ரோபோ கிரேன்கள்தான் கட்டுகளை எடுத்துத் தருகின்றன.