இரண்டாவது ஓட்டம்

"முதல் ஓட்டத்தோட நேரத்தையும் ஸ்லைடுல போட்டுடவா சார்?"

"வேண்டாம் தம்பி. கேட்டா சொல்லலாம்."

இவ்வளவுதான் பேச்சு. ஆக்சிலரேட்டர் பெட்டியின் டெமோ தொடங்கப் பத்து நிமிடம் இருந்தது. தூர லிங்க்கில் ஃபைல் வருவதை வேகமாக்கும் கருவி அது; லிங்க்கின் இரண்டு முனையிலும் ஒவ்வொன்று வைப்போம். அவன் லேப்டாப்பைப் புரொஜெக்டரில் மாட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் திறந்திருந்த நோட்டில் மூன்று எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருந்தன: 6:05, 2:10, 0:08. நடு எண்ணில் பேனா நுனியை வைத்துக்கொண்டுதான் கேட்டான். நான் சொன்னதும் தலையாட்டிவிட்டு நோட்டை மூடினான். வருடங்கள் ஓடிவிட்டன. அந்தப் பேனா நுனி நின்ற இடம் மட்டும் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அந்த மூன்று எண்களும் ஒரே ஃபைலுடையவை. படங்கள் நிறைந்த 60 மெகாபைட் பிரசன்டேஷன். டேட்டா சென்டரில் இருக்கும் சர்வரிலிருந்து கிளை அலுவலகத்துக்கு 4 எம்பிபிஎஸ் லிங்க், அதாவது செகண்டுக்கு 4 மெகாபிட், அரை மெகாபைட். போய்வர 240 மில்லிசெகண்ட். ஆக்சிலரேட்டர் பெட்டி இல்லாமல் இழுத்தால் ஆறு நிமிடம். பெட்டி இருந்து முதல் தடவை இழுத்தால் இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. அதே ஃபைலை மறுபடி இழுத்தால் எட்டு செகண்ட். ஆறு நிமிடத்தையும் எட்டு செகண்டையும் காட்டினேன். நடுவில் இருந்ததைக் காட்டவில்லை.

ஆறு நிமிடம் ஏன் ஆகிறது என்பதில் ஒளிக்க ஒன்றுமில்லை. விண்டோஸ் எக்ஸ்பி காலத்து ஃபைல் ஷேரிங் ஒரு தடவைக்குச் சுமார் 60 கிலோபைட் கேட்கும். அது வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்த 60 கிலோபைட்டைக் கேட்கும். 60 மெகாபைட்டுக்கு ஆயிரம் தடவை கேட்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் 240 மில்லிசெகண்ட் சும்மா காத்திருப்பு, அந்தத் துண்டு லிங்க்கில் வந்து சேர இன்னொரு 120. இப்படி ஆயிரம் தடவை என்றால் ஆறு நிமிடம் ஆகிவிடுகிறது. அந்த ஆறு நிமிடத்தில் லிங்க் மூன்றில் இரண்டு பங்கு நேரம் காலியாகத்தான் கிடக்கும். இந்தக் கணக்கைப் பலகையில் போட்டபோது அறையில் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 'லிங்க் போதாது' என்றே வருடக்கணக்கில் கேட்டுப் பழகியவர்களுக்கு, லிங்க் காலியாக இருக்கும்போதே வேலை மெதுவாக நடக்கிறது என்பது புதுச் செய்தி.

பெட்டி இரண்டு வேலை செய்கிறது. கிளையில் இருப்பவர் கேட்கும் முன்பே, சர்வர் பக்கத்துப் பெட்டி அடுத்தடுத்த துண்டுகளை வாங்கி அனுப்பிவிடுகிறது. காத்திருப்பு போய்விடும், லிங்க் நிரம்பி ஓடும். ஆறு நிமிடம் இரண்டானது இதனால்தான். அதோடு, போகிற பைட்டுகளை எல்லாம் சிறு சிறு துண்டுகளாக அடையாளம் போட்டு இரண்டு பக்கமும் சேமித்து வைத்துக்கொள்கிறது. ஒரு தடவை போன துண்டு மறுபடி வந்தால் துண்டுக்குப் பதில் அதன் அடையாள எண் மட்டும் போகும். இரண்டு நிமிடம் எட்டு செகண்டானது இதனால். முதலில் சொன்ன பலன் எப்போதும் கிடைக்கும். இரண்டாவது, அதே பைட்டுகள் முன்பே ஒரு தடவை போயிருந்தால்தான் கிடைக்கும்.

அன்று காலை ஏழு மணிக்கே வந்து அந்த ஃபைலை ஒரு தடவை இழுத்து வைத்துவிட்டோம். டெமோவில் புரோகிரஸ் பார் எழும்பிய வேகத்தைப் பார்த்து முன்வரிசையில் ஒருவர் சிரித்தே விட்டார். அப்புறம், பெட்டி செத்தால் கிளையின் தொடர்பே போய்விடுமா என்று கேட்டார்கள். நான் எழுந்துபோய் பவர் கேபிளைப் பிடுங்கினேன். உள்ளே ரிலே 'டக்' என்று விழுந்தது. உள்வருகிற கேபிளும் வெளிப்போகிற கேபிளும் நேராகச் சேர்ந்துகொண்டன. தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கத் திரையில் ஓடிக்கொண்டிருந்த பிங்கில் இரண்டு போயிற்று, மூன்றாவது வந்துவிட்டது. பெட்டி இல்லாவிட்டால் பழைய வேகம், அவ்வளவுதான், தொடர்பு அறுந்துவிடாது என்றேன். அது உண்மை. ஆனால் அந்த நேரத்தில் ஃபைல் காப்பி எதுவும் ஓடவில்லை. ஓடியிருந்தால் அது அறுந்திருக்கும். பெட்டி வழியாகப் போய்க்கொண்டிருந்த இணைப்புகள் விழுந்துவிடும், புதிதாகத் தொடங்குபவைதான் நேராகப் போகும். இதையும் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இங்கே என் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். எட்டு செகண்ட் பொய்யில்லை. பெரும்பாலான அலுவலகங்களில் ஒரே ஃபைலைத்தான் பத்துப் பேர் திறக்கிறார்கள், திருத்துகிறார்கள், மெயிலில் சுற்றுகிறார்கள். ஒரு வாரம் ஓடியபிறகு கிளையில் உள்ளவர்களுக்குக் கிடைக்கிற அனுபவம் இரண்டு நிமிடத்தைவிட எட்டு செகண்டுக்குத்தான் பக்கத்தில் இருக்கும். காலியான கேஷோடு, அதாவது பெட்டியில் எதுவும் சேமித்திராத நிலையில், எடுத்த எண்ணைக் காட்டினால் அதுதான் தவறான சித்திரம் என்று அப்போது உண்மையாகவே நம்பினேன். இன்றைக்கும் பாதி நம்புகிறேன்.

மூன்று வாரம் கழித்து அந்தக் கிளையின் பொறுப்பில் இருந்த மேடம் போன் செய்தார். குரலில் கோபம் இல்லை. "சார், உங்க பெட்டி வந்ததுக்கு அப்புறம் காலையில எங்களுக்கு ஸ்கிரீன் உறைஞ்சு நிக்குது. முன்னாடி எல்லாருக்கும் மெதுவா இருந்துச்சு. இப்ப ஒருத்தருக்கு வேகமா போகுது, மத்தவங்களுக்கு அப்படியே நின்னுடுது."

ரிப்போர்ட்டைத் திறந்தேன். மொத்த டேட்டா குறைப்பு 68 சதவீதம். வாராந்தர மீட்டிங்கில் பெருமையாகச் சொல்லக்கூடிய எண். சர்வர் சர்வராகப் பிரித்துப் பார்த்தபோதுதான் ஒரு சர்வரின் வரிசையில் 3 என்று இருந்தது. மெயிலும் உள் இணையதளமும் சராசரியைத் தூக்கி நிறுத்தியிருந்தன. கிளை எதற்காக நடக்கிறதோ அந்த வேலையின் ஃபைல்கள் இருந்த சர்வரில் குறைப்பே இல்லை.

காரணம் தெரிய அரை நாள் ஆனது. அவர்கள் காலையில் இழுப்பது பாஸ்வேர்டு போட்ட ஸிப் ஃபைல்கள். ஸிப் ஆனதும் பைட்டுகளில் திரும்பத் திரும்ப வருவது என்று ஒன்றும் மிஞ்சாது. உள்ளே ஓர் ஆவணத்தில் ஒரு வரி மாறினாலும் அந்த ஆவணத்தில் அந்த இடத்துக்கு அப்புறம் எல்லாமே வேறாகிவிடும். அதற்கு மேல் பாஸ்வேர்டும் போட்டால் மாறாத ஃபைல்கூட புது ஃபைல் போல வந்து நிற்கும். நேற்றைய ஸிப்புக்கும் இன்றைய ஸிப்புக்கும் பொதுவான துண்டு என்று பெட்டிக்கு எதுவுமே தெரியாது.

திரை உறைந்ததற்குக் காரணம் இதைவிடச் சங்கடமானது. முன்பு ஒருவர் 60 மெகாபைட் இழுத்தால் காத்திருந்து காத்திருந்து இழுத்ததில் லிங்க்கில் மூன்றில் ஒரு பங்கைத்தான் பிடிப்பார். மீதியில் மற்றவர்களின் ரிமோட் ஸ்கிரீன், அதாவது தூரத்துக் கணினியை இங்கிருந்தே இயக்கும் திரை, ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காத்திருப்புதான் அவர்களைக் காப்பாற்றி வந்திருக்கிறது. பெட்டி அதை எடுத்துவிட்டது. இப்போது ஒருவரே 4 எம்பிபிஎஸ் முழுவதையும் இரண்டு நிமிடத்துக்குப் பிடித்துக்கொள்கிறார். காலையில் ஏழெட்டுப் பேர் வரிசையாக இழுத்தால் கால் மணி நேரம் யாருக்கும் திரை அசையாது.

அவசரமான டிராஃபிக்குக்கு முன்னுரிமை தருகிற க்யூஓஎஸ் ஏற்பாட்டைப் போட்டிருக்க வேண்டாமா என்று படிப்பவர்கள் கேட்பீர்கள். திட்டத்தில் இருந்தது, இரண்டாம் கட்டத்தில். லிங்க்கின் ரூட்டர் சேவை தருபவர் கையில் இருந்தது. அவர்களிடம் மாற்றம் கேட்டு வாங்க வாரங்கள் ஆகும். பெட்டிகளைப் பொருத்த வேண்டிய தேதியோ முன்பே முடிவாகியிருந்தது. பெட்டியிலேயே வரம்பு போட்டிருக்கலாம். போடவில்லை. எட்டு செகண்டில் முடிகிற வேலைக்கு வரம்பு எதற்கு என்று அன்று நினைத்தேன். அந்த எண்ணை மற்றவர்களுக்குக் காட்டிக் காட்டி நானும் அதையே நம்பத் தொடங்கியிருந்தேன். இதை எழுதும்போதுதான் இதை இவ்வளவு நேராகச் சொல்கிறேன்.

மேடத்திடம் போனில் விளக்கினேன். முதல் தடவை போகும்போது நேரம் ஆகும், அதே ஃபைலை அடுத்த தடவை திறந்தால் உடனே வந்துவிடும் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார்:

"எங்களுக்குத் தினமும் முதல் தடவைதானே சார்."

எனக்குப் பதில் வரவில்லை.

ஸிப் பண்ணாமல் வைக்க முடியுமா என்று கேட்டேன்; ஒப்பந்தப்படி பாஸ்வேர்டு போட்டுத்தான் வர வேண்டும் என்றார். இரவிலேயே ஒரு தடவை இழுத்து கேஷை நிரப்பி வைக்கலாமா என்று தம்பி யோசனை சொன்னான். நல்ல யோசனை. ஆனால் ஃபைல் தருகிறவர்கள் அந்தப் பக்கம் வேலை முடித்து அதை சர்வரில் வைக்கிற நேரமும் இந்தப் பக்கம் ஆபீஸ் திறக்கிற நேரமும் ஒன்றாக இருந்தது. கடைசியில் அந்த சர்வரின் டிராஃபிக்குக்கு 2 எம்பிபிஎஸ் என்று பெட்டியில் வரம்பு போட்டேன். திரை உறைவது நின்றது. ஸிப்புக்கு நான்கு நிமிடம். ஆக அந்தக் கிளையின் முக்கியமான வேலையில் நாங்கள் கொண்டுவந்த மாற்றம் ஆறு நிமிடம் நான்கானது. அதுவும் ஒருவர் மட்டும் இழுக்கும்போது.

2:10-ஐ ஸ்லைடில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதைத்தான் சுற்றிச் சுற்றி யோசிக்கிறேன். தொழில்நுட்பமாகப் பார்த்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அந்த எண் ஸிப்பைப் பற்றி எதுவும் சொல்லாது. அவர்களுடைய ஸிப்பையே எடுத்து டெமோவில் இரண்டு தடவை இழுத்திருந்தாலும் இரண்டாவது தடவை எட்டு செகண்டில்தான் வந்திருக்கும், ஏனென்றால் அது அதே பைட்டுகள். பிரச்சினை தெரிய வேண்டுமானால் நேற்றைய ஸிப்பையும் இன்றைய ஸிப்பையும் அடுத்தடுத்து இழுத்திருக்க வேண்டும். அதை யோசிக்காதது என் சர்வேயின் ஓட்டை. எத்தனை பேர், என்ன லிங்க், என்னென்ன அப்ளிகேஷன், ஒரு ஆளுக்கு எத்தனை டிசிபி இணைப்பு என்றெல்லாம் கேட்ட நான், ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. ஸ்லைடுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இப்படிச் சொல்லிக்கொண்டால் மனசு கொஞ்சம் ஆறுகிறது. உடனே அடுத்த நினைப்பு வந்துவிடும். அன்று அறையில் அந்த மேடமும் இருந்தார், கடைசி வரிசையில். 'முதல் தடவை 2:10, இரண்டாவது தடவை 0:08' என்று திரையில் பார்த்திருந்தால், போனில் சொன்ன அந்த ஒரு வரியை அவர் அங்கேயே சொல்லியிருப்பார் அல்லவா? அவருக்கு நெட்வொர்க் தெரிய வேண்டியதில்லை. தன் ஆட்கள் காலையில் என்ன செய்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். அந்த எண் இருந்திருந்தால் அவர் வாய் திறக்க ஓர் இடம் கிடைத்திருக்கும். 'கேட்டா சொல்லலாம்' என்றேன். கேட்க வேண்டிய கேள்வி இருக்கிறது என்பதே தெரியாதவர் எதைக் கேட்பார்?

அப்புறம் வந்த எல்லா வேலையிலும் கேஷை அழித்துவிட்டு முதல் ஓட்டத்தை எல்லார் முன்னாலும் ஓட்டிக் காட்டத் தொடங்கினேன். சரியாகத்தான் செய்கிறேன் என்று இருந்தது. ஓர் இடத்தில் அதுவே வினையானது. இரண்டு நிமிடத்தைப் பார்த்த குழு, இதற்கு லிங்க்கையே இரட்டிப்பாக்கிக்கொள்ளலாமே என்று முடிவெடுத்தது. பழைய கணக்குதான்: லிங்க் 8 எம்பிபிஎஸ் ஆனால் ஒவ்வொரு துண்டும் வருகிற நேரம் 120-லிருந்து 60 மில்லிசெகண்ட் ஆகும், காத்திருப்பு 240 அப்படியே இருக்கும். ஆறு நிமிடம் ஐந்து நிமிடமாகும். எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். அவர்கள் வேலையோ பொது டெம்ப்ளேட்டுகளும் அறிக்கைகளும், ஒரே ஃபைலைப் பலர் திறக்கிற வேலை. எட்டு செகண்டை நிஜமாகவே தினமும் அனுபவித்திருப்பார்கள். அங்கே நேற்றைய நான் போயிருந்தால் அவர்களுக்கு நல்லது நடந்திருக்கும். இதை எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

போன மாதம் தம்பி ஒரு லைசென்ஸ் விஷயமாகக் கூப்பிட்டான். இப்போது அவனுக்குக் கீழே பெரிய டீம் இருக்கிறது. பேச்சு முடிகிற நேரத்தில், ரொம்ப நாளாக மனசில் இருந்ததைக் கேட்டேன். அன்று நீ நோட்டில் வைத்திருந்த நடு எண்ணை ஸ்லைடில் போடட்டுமா என்று கேட்டாயே, நான் வேண்டாம் என்றேனே, ஞாபகம் இருக்கிறதா?

யோசித்துப் பார்த்தான். "அப்படிக் கேட்டேனா சார்? சுத்தமா ஞாபகம் இல்லை. நீங்க பவரைப் பிடுங்கினதும் 'டக்'குன்னு ஒரு சத்தம் வந்துச்சே, அதுதான் நல்லா ஞாபகம் இருக்கு. இப்பவும் எந்த டெமோன்னாலும் என் பசங்களை அதைச் செய்யச் சொல்வேன்."

"காப்பி ஓடிட்டிருக்கும்போதா?" என்று கேட்டேன்.

"இல்ல சார்," என்றான். "ஓடாதப்பதான்."