காத்திருக்கிற அழுக்கும் காத்திருக்காத அழுக்கும்

ஆகஸ்ட் 4, 2025, திங்கள்

ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த சுத்தம் செய்யும் அட்டவணையை இன்று கிழித்துப் போட்டாயிற்று. திங்கள் குளியலறை, செவ்வாய் படுக்கையறை, புதன் அலமாரி என்று ஏழு நாளுக்கும் கட்டம் கட்டி, கலர் பேனாவில் எழுதி, பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதை முதலில் யோசித்தவருக்குத் தினமும் ஒரே நேரத்தில் வேலை முடியும் போலிருக்கிறது. எனக்கு ஒரு வாரம் பகல் ஷிஃப்ட், அடுத்த வாரம் இரவு ஷிஃப்ட், நடுவில் யாராவது லீவு போட்டால் அந்த ஆளுக்கும் சேர்த்து நானே. விடிய விடிய வேலை பார்த்துவிட்டு வந்து படுக்கையில் விழுகிறவளுக்கு அன்றைக்குத் திங்களா செவ்வாயா என்பதே குழப்பம், இதில் திங்கள் என்றால் குளியலறை என்று யார் ஞாபகப்படுத்துவது.

அதில் விட்டுப்போன வேலை கடன் மாதிரி வட்டியோடு சேரும் என்பதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். திங்கள் விட்டது செவ்வாயின் தலையில் ஏறும், இரண்டும் சேர்ந்து புதனை அமுக்கும், கடைசியில் விடுமுறை நாள் மொத்தத்தையும் வாளியும் துடைப்பமும் எடுத்துக்கொள்ளும். நாங்கள் மூன்று பேர் இருக்கும் வீடு: நான், அவர், பள்ளிக்குப் போகும் மகள். வீடு சுத்தமாக இருக்கணும், ஆனால் கிழமை பார்த்து அல்ல. வேறு எதைப் பார்த்து என்று இன்னும் முடிவு செய்யவில்லை, செய்யச் செய்ய இங்கே எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 6, புதன்

இன்று எதையும் துடைக்கவில்லை, வெறுமனே வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். எல்லா அழுக்கும் ஒரே ஜாதி இல்லை.

அடுப்பைச் சுற்றித் தெறித்த எண்ணெயை அன்றைக்கே வெந்நீரும் கொஞ்சம் பாத்திர சோப்பும் தொட்ட துணியால் துடைத்தால் ஒரே இழுப்பில் போய்விடும். விட்டு வைத்தால் சூட்டிலும் காற்றிலும் எண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, கெட்டியான மஞ்சள் படலமாக இறுகிவிடும். அப்புறம் சோப்புக்கு அது மசியாது, சுரண்டத்தான் வேண்டும். குளியலறைக் குழாயிலும் இதே கதைதான், நீர்த்துளி காய்ந்து போகும், அதிலிருந்த கால்சியம் மட்டும் அங்கேயே தங்கும், அதன் மேல் இன்னொரு துளி, இன்னொரு படலம். பூஞ்சைக்கு ஈரம் இருந்தால் போதும், ஓரிரு நாள் காயாமல் கிடக்கும் மூலையைத் தேடி வந்து குடியேறிவிடும். ஈரக் குப்பையைப் பற்றி எழுதவே வேண்டாம், மூக்கே சொல்லும்.

அலமாரி உச்சியில் இருக்கும் தூசி அப்படியில்லை. ஒரு மாதத் தூசியானாலும் இரண்டு மாதத் தூசியானாலும் ஈரத்துணியால் ஒரே துடைப்புதான். ஜன்னல் கண்ணாடி, புத்தகங்கள், கட்டிலுக்கு அடியில், எல்லாம் பொறுமைசாலிகள். (சமையலறை ஃபேன் மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராது, அங்கே தூசியோடு எண்ணெய்ப் புகையும் கலந்து பிசுபிசுவென்று ஆகிவிடுகிறது.)

ஆக, நாள் தள்ளத் தள்ள உழைப்பு கூடுகிற அழுக்கு ஒரு பக்கம், எவ்வளவு தள்ளினாலும் அதே உழைப்பு கேட்கிற அழுக்கு இன்னொரு பக்கம். கிழித்த அட்டவணை இரண்டையும் ஒரே வரிசையில் நிற்க வைத்திருந்தது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தினமும் செய்தே ஆக வேண்டியது என்று நான்கே வேலைகளை வைத்துக்கொண்டேன். அடுப்பும் மேடையும் துடைப்பது, சிங்க்கைக் காலி செய்வது, ஈரக் குப்பையை வெளியே போடுவது, குளியலறைத் தரைக்கும் சுவருக்கும் வைப்பர் இழுப்பது. நான்கும் சேர்ந்தே பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். இவற்றுக்கு மணி கிடையாது. அன்றைய கடைசிச் சமையல் முடிந்ததும் அடுப்பு, அது மதியம் இரண்டானாலும் சரி, ராத்திரி பதினொன்றானாலும் சரி. கடைசியாகக் குளிக்கிறவர் கையில் வைப்பர்.

அவரிடம் விளக்கினேன். "ஏங்க, கடைசியா யார் குளிக்கிறாங்களோ அவங்கதான் தண்ணியைத் தள்ளிட்டு வரணும்."

"சரி, அப்போ இனிமே நான் முதல்ல குளிச்சுடறேன்."

சொன்னபடியே அடுத்த நாள் அவர் விடிவதற்கு முன்பே குளித்துவிட்டார். அதைப் பார்த்து மகளும் முந்திக்கொள்ள, பள்ளிக்குத் தாமதமாவது என்பதே நின்றுவிட்டது. வைப்பர் என்னவோ என் தலையில்தான். ஆனால் டைல்ஸ் இடுக்கில் கறுப்புப் புள்ளிகள் வருவது கண்ணுக்குத் தெரியக் குறைகிறது, அதனால் இப்போதைக்குச் சண்டை போடவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

இரவு ஷிஃப்ட் தொடக்கம். நான்கு வேலையில் மூன்று ஆயிற்று. சிங்க்கில் இரண்டு டம்ளர் கிடக்கிறது. கிடக்கட்டும், தூக்கம் வருகிறது.

ஆகஸ்ட் 16, சனி

மிச்ச வேலைகளுக்குச் சீட்டு முறை கொண்டு வந்திருக்கிறேன். பழைய காலண்டர் தாளைக் கிழித்து, ஒரு சீட்டுக்கு ஒரு வேலை. டாய்லெட் தேய்ப்பது, தரை மாப் போடுவது, படுக்கை விரிப்பு மாற்றுவது, ஃபிரிட்ஜ் தட்டு கழுவுவது, ஒட்டடை, ஜன்னல் வலை, எக்ஸாஸ்ட் ஃபேன், இப்படி. ஒவ்வொன்றிலும் உத்தேசமாக எவ்வளவு நேரம் ஆகும் என்றும், கடைசியாகச் செய்த தேதியும். கையில் இருபது நிமிடம் இருந்தால், மேலிருந்து பார்த்து இருபது நிமிடத்துக்குள் அடங்குகிற முதல் சீட்டை எடுப்பேன், முடித்துத் தேதி போட்டு அடியில் செருகுவேன். அவ்வளவுதான். ஒரு வாரம் எதுவுமே செய்யாவிட்டால் வரிசை மெதுவாக நகரும், ஆனால் எதுவும் என் மேல் வந்து குவியாது. "பாக்கி" என்ற சொல்லுக்கே வேலை இல்லை.

இந்த வாரம் முழுக்க ராத்திரி விழிப்பு என்பதால் சீட்டின் மூலையில் இன்னும் சில குறிகளும் போட வேண்டி வந்தது. சத்தம் வரும் வேலைகளுக்கு ஒரு குறி, ஏனென்றால் வீட்டில் மற்றவர்கள் தூங்கும்போது வாஷிங் மெஷினோ வேக்குவமோ போட முடியாது. உட்கார்ந்துகொண்டே செய்யக்கூடியதற்கு ஒன்று: மேசை இழுப்பறை, மருந்துப் பெட்டி, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு. உடம்பு ஓய்ந்த நாளில் இவைதான் கைகொடுக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது குறி, ஊற வைக்கிற வேலை. இதில் உழைப்பது நான் இல்லை, நேரம். நேற்று வேலைக்குக் கிளம்புவதற்கு முன் வாஷ்பேசின் குழாயைச் சுற்றி வினிகரில் நனைத்த துணியைக் கட்டிவிட்டு, உடை மாற்றி, பையை அடுக்கி, அரை மணி கழித்து வந்து அவிழ்த்தேன். குழாயின் கழுத்தில் வெள்ளை வளையமாக இறுகியிருந்த உப்புக்கறை ஓரத்தில் சொரசொரவென்று இளகிப் போயிருந்தது, பழைய பல்துலக்கியால் இரண்டு சுற்று, செதில் செதிலாக வந்துவிட்டது. அப்புறம் நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும், அமிலத்தை உலோகத்தின் மேல் விட்டு வைக்கக் கூடாது. பளிங்குக் கல்லுக்கு இந்த வைத்தியம் ஆகவே ஆகாது, பளிங்கே கால்சியம் கார்பனேட்தான், கறையோடு கல்லையும் சேர்த்து அரித்துவிடும்.

கிருமிநாசினியும் இதே குறியில்தான் வரும். தெளித்த கையோடு துடைத்துவிட்டால் அது தன் வேலையைச் செய்யவே இல்லை என்று அர்த்தம். புட்டியில் போட்டிருக்கும் நிமிடக் கணக்குக்கு அந்த இடம் ஈரமாகவே இருக்கணும், அதற்கு முன்னால் அழுக்கையும் துடைத்திருக்கணும், அழுக்கின் மேல் தெளித்தால் மருந்தின் வீரியம் பாதி அங்கேயே போய்விடும்.

ஆகஸ்ட் 20, புதன்

வேலையிடத்தில் ஒரு தோழி, குளியலறைக்கு அவளுடைய ரகசியம் என்று ஒன்றைச் சொன்னாள்: பிளீச்சையும் டாய்லெட் ஆசிடையும் கலந்து ஊற்றினால் இரட்டைப் பலன் என்று. கேட்டதும் எனக்குப் பகீரென்றது. பிளீச்சோடு எந்த அமிலம் சேர்ந்தாலும், வினிகர் உள்பட, குளோரின் வாயு கிளம்பும். கதவு சாத்திய சின்னக் குளியலறையில் அது மூச்சுக்குழாயையும் நுரையீரலையும் பதம் பார்த்துவிடும். அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவத்தோடு சேர்த்தாலும் குளோரமின் என்ற நச்சு வாயு. "அதான் அன்னைக்கு அப்படி இருமினேனா?" என்றாள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்தே தீரணும் என்கிற அவசரத்தில்தான் இப்படிக் கலக்கத் தோன்றுகிறது என்பது என் எண்ணம். குளியலறைக்கு ஒரு நாளில் ஒரே புட்டி என்று சீட்டிலேயே எழுதிவிட்டேன். இன்று ஆசிட் சீட்டு வந்தால் பிளீச் சீட்டு அடுத்த முறை.

சமையல் சோடாவையும் வினிகரையும் கலப்பதில் ஆபத்து இல்லை, பலனும் பெரிதாக இல்லை. நுரை பொங்குவது கண்ணுக்கு அழகு, ஆனால் ஒன்றையொன்று சமன் செய்துவிட்டு மிஞ்சுவது கொஞ்சம் உப்புத் தண்ணீர்தான். தேய்க்க சோடா, கறையைக் கரைக்க வினிகர், தனித்தனியாகத்தான் இரண்டுக்கும் மரியாதை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

விடுமுறை. மகளும் சீட்டு எடுத்தாள். அவள் எடுத்தது "தரை மாப்", நான் எடுத்தது "ஃபேன்". நான் ஸ்டூலைக் கொண்டு வருவதற்குள் அவள் தன் அறையைப் பளிச்சென்று துடைத்து முடித்துவிட்டாள்.

"அம்மா, தரை காஞ்சதுக்கு அப்புறம் தூசியைக் கொட்டப் போறீங்களா?"

கொட்டவில்லை. பழைய தலையணை உறையை ஃபேன் இறக்கையில் முழுதாக மாட்டி, மேலும் கீழும் அழுத்திப் பிடித்துக்கொண்டே வெளியே இழுத்தால், தூசி அத்தனையும் சாம்பல் நிறக் கற்றையாக உறைக்குள்ளேயே சுருண்டு வரும். அப்படியும் நான்கைந்து இழைகள் தரையில் விழத்தான் செய்தன, அவள் அவற்றை விரலால் காட்டினாள். மேலிருந்து கீழே, உலர் வேலை முடிந்த பிறகு ஈர வேலை, இந்த இரண்டை மட்டும் மாற்ற முடியாது. மற்றபடி எந்தச் சீட்டு எப்போது என்பது அவரவர் பாடு.

அவளுக்குக் காலையில் அடுக்குத் தும்மல் வருவதால் படுக்கை விரிப்புச் சீட்டை மட்டும் வரிசையிலிருந்து பிரித்துச் சிவப்புக் கோடு போட்டேன். வாரத்துக்கு ஒரு முறை கட்டாயம், 60 டிகிரி வெந்நீரில். விரிப்பில் இருக்கும் தூசிப்பூச்சிகள் அந்தச் சூட்டில் சாகும். எல்லாமே நம் வசதிப்படி என்று விட்டுவிட முடியாது, உடம்பு விஷயம் என்று வந்தால் கணக்கு வேறு.

ஆகஸ்ட் 28, வியாழன்

முன்னறிவிப்பில்லாமல் விருந்தாளிகள். வாசலில் மணி அடித்தபோது ஹால் சோபாவில் ஒரு மூட்டை துவைத்த துணி. அழுக்கு எங்கேயும் இல்லை, சாமான்தான் இறைந்து கிடந்தது. இரண்டும் வேறு வேறு நோய், சீட்டு முறை இதற்கு மருந்தல்ல. அவர் மூட்டையை அப்படியே தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். போதும்.

செப்டம்பர் 7, ஞாயிறு

இப்போது சீட்டுகளில் தேதிகள் சேர்ந்திருப்பதால் வேடிக்கையான சில விஷயங்கள் தெரிகின்றன. ஃபிரிட்ஜ் தட்டுகளை வாராவாரம் கழுவ அவசியமே இல்லை, சிந்தியதை அப்போதே துடைத்தால் போதும். குழாயில் உப்பு நான் நினைத்ததைவிட வேகமாகப் பிடிக்கிறது, அந்தச் சீட்டை அடியில் செருகாமல் நடுவில் செருகுகிறேன். "அலங்காரப் பொருட்கள்" சீட்டை யாருமே எடுக்கவில்லை, மூவரும் அதைத் தாண்டித் தாண்டியே போயிருக்கிறோம். நேற்று அந்தப் பொருட்களில் பாதியைப் பெட்டியில் போட்டு மேலே ஏற்றிவிட்டு, சீட்டையும் கிழித்துவிட்டேன். புதிதாகச் சேர்ந்தது வாஷிங் மெஷின் கதவு ரப்பர், மடிப்புக்குள் விரல் விட்டுப் பார்த்தால் வழவழவென்று இருந்தது. துடைத்துவிட்டுக் கதவைத் திறந்தே வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ரோபோ வேக்குவம் வாங்கலாம் என்று அவர் இரண்டு நாளாகப் பேசுகிறார். எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை, இந்த வீட்டில் ரொம்பப் பொறுமையாகக் காத்திருக்கிற அழுக்கு தரைத்தூசிதான், அதற்குப் போய் இயந்திரமா. வைப்பர் போடுகிற இயந்திரம் வந்தால் சொல்லுங்கள், உடனே வாங்கலாம் என்றேன். அவர் விடுவதாக இல்லை. சரி, அந்த இயந்திரம் ஓடணும் என்றால் தரையில் கிடக்கும் சார்ஜர் ஒயர்களைத் தினமும் யார் எடுப்பது என்று முதலில் முடிவாகட்டும், அப்புறம் விலை பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.