வெட்டி: எட்டுப் பக்கக் காமிக்ஸ், ஆறாவது வாரம்

ஐந்து பக்கத்துக்கு மை போட்டாச்சு. இரண்டாம் பக்கம் மட்டும் இன்னும் படுத்துகிறது, மூன்றாவது தடவையாக வரைகிறேன்.

கதை சின்னதுதான். மேலே பூந்தோட்டமும் கண்ணாடி வீடுமாக ஒரு நகரம். யாருக்கும் வேலையில்லை, பசியில்லை. தரைக்குக் கீழே ஏழு அடுக்கில் ரோபோக்கள் மாவரைக்கின்றன, தண்ணீர் ஏற்றுகின்றன, கழிவு அள்ளுகின்றன. ஒரு சிறுமி சாக்கடை மூடியைத் தூக்கிப் பார்த்துவிடுகிறாள்.

தலைப்பு தேடும்போதுதான் நல்ல சரக்கு கிடைத்தது. 'ரோபோ' என்ற சொல் கரேல் சாபெக் 1920-இல் வெளியிட்ட செக் நாடகத்திலிருந்து வந்தது. சொல்லை எடுத்துக்கொடுத்தவர் அவருடைய அண்ணன் ஜோசப், ஓவியர். (ஓவியர்களுக்கு இந்தப் பெருமையாவது இருக்கட்டும்.) அதன் மூலச்சொல்லான 'ரொபோட்டா' என்றால் செக் மொழியில் குடியானவன் பண்ணையாருக்குக் கூலியில்லாமல் கழிக்க வேண்டிய வேலை. பொஹீமியாவில் (இன்றைய செக் நாட்டின் ஒரு பகுதி) 1680-இல் கலகம் வெடித்த பிறகு வாரத்துக்கு மூன்று நாள் என்று வரம்பு வைத்தார்கள். அடியோடு ஒழிந்தது 1848-இல்.

நம்மிடமும் இதற்கு ஒரு சொல் இருக்கிறதே! சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் 'வெட்டி', கூலியில்லாத கட்டாய வேலை. இன்றைக்கு 'வெட்டியா உட்கார்ந்திருக்கான்' என்றால் வேலையே செய்யாதவன். கீழே இருப்பது பழைய வெட்டி, மேலே இருப்பது புது வெட்டி. தலைப்பு முடிந்தது.

வரைவதுதான் முடியவில்லை. முதல் தடவை ரோபோக்களுக்குச் சோகக் கண் வைத்தேன். தங்கச்சி பார்த்துவிட்டு, "என்னண்ணா, குக்கர் அழுவுது?" என்றாள். முகத்தையே எடுத்துவிட்டேன். அடுத்த தடவை காலில் சங்கிலி. பிரசார போஸ்டர் மாதிரி ஆகிவிட்டது. இப்போது ஒன்பது கட்டத்திலும் வெறும் கைகள். அம்மி நடுவில் குழி விழுவதுபோல உள்ளங்கைத் தகடு தேய்ந்திருக்கிறது. ஒரு கையில் மூன்று விரல் வேறு ரோபோவுடையது, நிறமே வேறு. அந்த விரலைப் பார்த்தாலே போதும் என்று தோன்றுகிறது.

கீழ்த்தளம் முழுக்கக் கறுப்பு. சாதாரண ஏ4 தாளில் மை ஊறிச் சுருங்கியதால் ஐவரி ஷீட் என்ற வழவழப்பான தடித்த தாளுக்கு மாறினேன். பெரிய கறுப்புப் பரப்பை மட்டும் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து கிரீட்டா என்ற வரைகலை மென்பொருளில் நிரப்புகிறேன்.

வசனம் எழுதும் பலூன் இன்னொரு தொல்லை. 'பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்' என்று எழுதினால் பாதி கட்டத்தை அதுவே அடைத்துக்கொள்கிறது. எல்லாரையும் பேச்சுத் தமிழுக்கு மாற்றினேன். ரோபோக்களுக்கு ஒரே வசனம்: "சரிங்க." இடமும் மிச்சம், கேட்கவும் உறுத்துகிறது.

அடுத்து ஆறாம் பக்கம், லிஃப்ட் இறங்கும் காட்சி. ஏழு அடுக்கையும் ஒரே நெட்டுக் கட்டத்தில் வைக்கப் பார்க்கிறேன். ஐவரி ஷீட் நாலுதான் மிச்சமிருக்கிறது.