லொடலொட லென்ஸ் போர்டு

பழைய 4×5 அங்குல பிலிம் போடுற மர கேமரா கைக்கு வந்தா முதல்ல லென்ஸ் போர்டை, அதாவது லென்ஸ் மாட்டியிருக்குற பலகையை, ரெண்டு விரல்ல பிடிச்சு ஆட்டிப் பாருங்க, லொடலொடன்னு ஆடுச்சுன்னா வெளிச்சம் உள்ள கசியும். பின்பக்க ஓரத்துல மெல்லிசா கறுப்பு வெல்வெட் பட்டை ஒட்டினாலே கச்சிதமா உக்காந்துரும். ஸ்க்ரூ மரத்துல பிடிக்காம சும்மா சுத்துதா? பெரிய ஸ்க்ரூவ போட்டு முறுக்காதீங்க, பழைய மரம் பொளந்துக்கும். பல்குச்சில மரப்பசை தடவி ஓட்டைக்குள்ள சொருகி, காஞ்சதும் மட்டமா வெட்டிட்டு அதே ஸ்க்ரூவையே போடுங்க, கிண்ணுன்னு நிக்கும். ஆனா கிரவுண்ட் கிளாஸ் (பின்னாடி ஃபோகஸ் பாக்குற மங்கல் கண்ணாடி) ஆடுதுன்னு அதுக்கு அடியில அட்டை கிட்டை வச்சிராதீங்க சாமி, ஹோல்டர்ல (பிலிமை வச்சு கேமராக்குள்ள சொருகுற சட்டம்) பிலிம் உக்கார்ற ஆழம் சுமார் 5 மில்லிமீட்டர், கிளாஸும் அதே ஆழத்துல இருக்கணும், இல்லேன்னா கிளாஸ்ல பளிச்சுன்னு தெரிஞ்சது பிலிம்ல மங்கலாத்தான் விழும். அங்க கிளாஸைப் பிடிச்சிருக்குற கிளிப்பை மட்டும் இறுக்குங்க.